நடுத் தூண் இல்லாத கடை

அக்டோபர் 6, திங்கள்

காலையிலேயே மழை. குயின் ஸ்ட்ரீட், சரோஜா அக்கா துணிக்கடை. கரையான் தின்ற மர உத்திரம் போயாச்சு, ஸ்டீல் பீம் ஏறியாச்சு. நடுத் தூணும் எடுத்தாச்சு. சுவருக்குச் சுவர் ஒரே பீம், கீழே ஒரு தடங்கல் இல்லை. மரத்தில் நடக்குமா இது? கரையான் பயமில்லை, போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது. இன்ஜினியர் எனக்குப் பெருமை தாங்கவில்லை; எல்லாவற்றையும் அக்காவிடமும் அளந்தேன்.

அக்கா முகத்தில் மட்டும் சுரத்தில்லை. "அவரு தெனம் கடைய தொறந்ததும் அந்தத் தூணத்தான் தொட்டுக் கும்பிடுவாரு லா, தங்கச்சி."

கணவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. சுவரில் படம், மாலையோடு.

அக்டோபர் 7, செவ்வாய்

பெயிண்டுக்குச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும்.

காலி ஹால். ஆனால் யாரும் நேராக நடப்பதில்லை. நடுவில் வந்ததும் ஒதுங்கிச் சுற்றிப் போகிறார்கள். அக்கா, சரி, பழக்கம். இன்றுதான் வேலைக்கு வந்த பெயிண்டருமா?

மாலையில் கவனித்தேன். நானும்தான்.

அக்டோபர் 8, புதன்

சோதனை. துணி மூட்டை அத்தனையும் மேல் மாடியில். பீமுக்கு அடியில், தொய்வைக் காட்டும் முள் கருவி. என் கணக்குப்படி நடுவில் ஏழு மில்லிமீட்டர் தொய்ய வேண்டும். அது ஆபத்தில்லை.

முள் அசையவில்லை. கருவியை மாற்றினேன். அதேதான். இரண்டு பக்கமும் லேசான தொய்வு, நடுவில் மட்டும் இல்லை. நடுவில் தூண் நின்றால்தான் பீம் இப்படி வளையும்.

மேஸ்திரி மணியம் அண்ணன்: "ஸ்ட்ராங் லா மேடம்! நல்லதுதான, சைன் போடுங்க."

போட முடியவில்லை. தாங்குவது என் பீமா, வேறு எதுவோவா? அது விட்டுவிட்டால்? தீபாவளிக்குக் கடை திறக்க வேண்டும். அத்தனை கூட்டமும் இதற்கு அடியில்.

அக்டோபர் 10, வெள்ளி

வெயில். அக்கா பழக்கதோஷத்தில் கிண்ணத்தோடு வந்து, தூண் இருந்த இடத்தில், காற்றில், சந்தனம் தடவினார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "பாத்தியா என் புத்திய!"

சிரித்தோம். தரையில் விழுந்திருக்கும், துடைக்கலாம் என்று குனிந்தேன். சந்தனம் அங்கே இல்லை. அக்கா விரலிலும் இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டது.

அக்டோபர் 11, சனி

அக்கா கணவர் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். செபராங் ஜெயாவில் மகள் வீட்டுக்கு. "நாளைக்கு மக கெரேத்தா எடுத்துட்டு வர்றா. அவரையும் கூட்டிட்டுப் போயிடுறேன். இங்க அவரு நிக்க எடமில்ல."

படத்தின் மேல் கை வைத்தேன். "இங்கயே இருக்கட்டும் கா. ப்ளீஸ்."

"ஏன், உன் இரும்பு தாங்காதா?"

திங்கட்கிழமை அவ்வளவு பேசிய வாய். திரும்பிப் போய் முள்ளைப் பார்த்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மூட்டம். மணியம் அண்ணனையும் ஆட்களையும் வெளியே அனுப்பிவிட்டேன். மூட்டைகள் இன்னும் மேலேயே. பீமுக்கு அடியில் முள் கருவியோடு நான் மட்டும்.

அக்கா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகள் காரில் ஏறினார். கார் நகர்ந்தது.

மேலே டக்கென்று ஒரு சத்தம். முள் இறங்கியது. மூன்று. ஐந்து. ஏழு. நின்றது.

கணக்கு சரி. பீம் தாங்குகிறது, தனியாக. கையெழுத்துப் போட்டேன்.

வாசலுக்கு நேராக, நடு ஹால் வழியே நடந்தேன். எதுவும் என்னை ஒதுக்கவில்லை. வெறும் காற்று. என்னவோ போல இருந்தது. திரும்பிப் போய், சுற்றிக்கொண்டு வந்தேன்.