இரண்டு ஸ்பீக்கர் போதும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலையும் நன்றாகப் போகிறது. நீயும் அப்பாவும் சௌக்கியம் என்றுதான் நினைத்திருந்தேன். அதைப் பிறகு பேசுகிறேன்.

சினிமா பார்க்க வாங்கிய ஐந்து ஸ்பீக்கர் ஹோம் தியேட்டரை விற்றுவிட்டேன். "மாடியில என்னம்மா, குண்டு போடுறீங்களா?" என்று சண்டைக்கு வந்த கீழ்வீட்டு டிரைவரே அதை வாங்கிக்கொண்டார். இப்போது குண்டு கீழேயிருந்து வெடிக்கிறது.

பாட்டு கேட்பதற்கென்றே நல்லதாக இரண்டு ஸ்பீக்கர் வாங்கினேன். கட்டிலை நகர்த்தி, முழம் போட்டு அளந்து, இரண்டுக்கும் எதிரே நடுவில் நாற்காலி போட்டேன். ஒரு நாற்காலிக்குத்தான் இடம். உட்காரவும் ஒருத்திதானே.

முதலில் போட்டது நீ போனில் பாடி அனுப்பிய பாட்டு. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், நீ நின்று பாடினாய். இடது பக்கம் குக்கர் விசில் அடித்தது. வலது பக்கம் அப்பா இருமினார். பாட்டின் அடுத்த அடியை எடுப்பதற்குள் நீ கிசுகிசுத்தாய்: "வாயைப் பொத்திக்கிட்டு இருமுங்க, அவளுக்குக் கேட்டுடும்."

இதே பாட்டைப் பழைய ஸ்பீக்கரில் பத்துத் தரம் கேட்டிருக்கிறேன். இது காதில் விழவே இல்லையம்மா.

நாளைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப் போ. மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. இன்னொரு பாட்டும் பாடி அனுப்பு. அப்பாவைத் தள்ளி உட்காரவைக்காதே, பக்கத்திலேயே இருக்கட்டும். இருமினால் இருமட்டும்.

எப்படியும் எனக்குக் கேட்டுவிடும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்