குழம்பில் கலந்த சொட்டு

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். கிளினிக்கில் கூட்டமில்லை. மழை பெய்தால் அம்பத்தூரில் மனநோய்க்கும் விடுமுறை.

கஸ்தூரியம்மா மட்டும். வழக்கம்போல மகன் இல்லாமல். மகன் முருகன், 31, தொழிற்பேட்டையில் லேத் வேலை. அவனை நான் நேரில் பார்த்தது ஒரே முறை, எட்டு மாதம் முன்பு. "எனக்கு ஒண்ணியும் இல்ல" என்று எழுந்து போய்விட்டான். அன்று முதல் மருந்து அம்மா வழியாக. நிறமில்லாத, ருசியில்லாத சொட்டு, தினம் குழம்பில்.

"காதுல பேசுறது நின்னுபோச்சு டாக்டரம்மா. ஒயுங்கா வேலைக்குப் போய்கினு கீறான். பொண்ணு பாக்கட்டா?"

"முதல்ல அவர்கிட்ட மருந்து விஷயத்தைச் சொல்லிடலாமே."

"சொன்னா துன்னுவானா? நல்லா சொன்னீங்க போங்க."

சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 5, புதன்

இணையவழிக் கருத்தரங்கு. பல நாடுகளில் மனநல மருத்துவ அறம். நோயாளியின் சம்மதம் எங்கே என்று லண்டன் டாக்டர் கேட்டார். "எங்கள் ஊரில் சம்மதம் குடும்பத்தின் கூட்டுச் சொத்து" என்றேன். நிறையப் பேர் குறித்துக்கொண்டார்கள். மாலை முழுதும் அந்த வாக்கியத்தோடு மகிழ்ச்சியாக இருந்தேன்.

வாங்க: பால், கொசுவர்த்தி, குடை.

நவம்பர் 7, வெள்ளி

முருகன். தனியாக, டோக்கன் போட்டு வந்தான். வீட்டில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் கிடைத்த மருந்துப் புட்டியை மேசையில் வைத்தான். அதைச் சுற்றி என் சீட்டு. கத்தவில்லை.

"அன்னிக்கு இங்க குந்திகினு இன்னா சொன்னேன்? சோத்துல இன்னாத்தையோ கலக்குறாங்கோன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"அத்த சந்தேக நோய்ன்னு எழுதுனீங்கோ. அப்பால நீங்களே கலக்கச் சொல்லி அனுப்பிச்சீங்கோ."

பதினெட்டு வருட அனுபவம். சீட்டில் என் கையெழுத்தைப் பார்த்தேன்.

நவம்பர் 10, திங்கள்

கஸ்தூரியம்மா. மூன்று நாளாக வீட்டில் சமைத்த எதையும் அவன் தொடவில்லை. மருந்தும் நின்றது, சோறும் நின்றது.

"தண்ணி குட்த்தாகூட மோந்து பாக்கறான் டாக்டரம்மா. பெத்தவ கை..."

நான் மேசையில் பேனாக்களை ஒழுங்குபடுத்தினேன்.

நவம்பர் 12, புதன்

ஆவடி. அவர்கள் வீடு. நோயாளி வீட்டுக்குப் போகக் கூடாது என்பது விதி. மீறிய மற்றவற்றுக்குத் துணையாக இதுவும்.

"கலக்கச் சொன்னது நான்தான் முருகன். உங்களைக் கேட்டிருக்கணும். அம்மா மேல கோபம் வேண்டாம்."

"கோவம்லாம் இல்ல."

கஸ்தூரியம்மா சோறு போட்டு வைத்தார். தட்டைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து, கடையில் வாங்கிய அவித்த முட்டையை எடுத்து ஓடு உரித்தான். பாதியைப் பிய்த்து அம்மா கையில் வைத்தான்.

"நீயும்தான் துன்னல. துன்னும்மா. நான் உரிச்சது. ஒண்ணியும் கலக்கல."