பெரியப்பாவின் கட்டைவிரல்

தை 9, வியாழன்

காலையில் நல்ல பனி. மோட்டார் மறுபடி மக்கர். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

சலூனில் மயங்கி விழுந்தேன். தாடைக்கடியில் சவரக்காரர் விரலை வைத்துத் தோலை இழுத்தார், அவ்வளவுதான் நினைவு. விழித்தபோது என்னைவிட அவர்தான் வெளிறிப் போயிருந்தார். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் எனக்குச் சாமி இறங்கும்போதும் இதேதான். காதில் இரைச்சல், பிறகு ஒன்றுமில்லை. சாமிக்குச் சலூனில் என்ன வேலை? வீட்டுக்காரி சரசுவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

தை 13, திங்கள்

ஆஸ்பத்திரி. படுக்கவைத்து, ஒயர் மாட்டி, டாக்டர் அதே இடத்தை அழுத்தினார். திரையில் கோடு நேராகிவிட்டதாம். சரசு பார்த்திருக்கிறாள்.

"கழுத்து ரத்தக்குழாய்ல ஒரு காவல் இருக்கு. அழுத்தம் கூடினா மூளைக்குச் சொல்லும். மூளை இதயத்த மெதுவாக்கும், ரத்தக்குழாய விரிக்கும். ஒங்களுக்கு அந்தக் காவல் ரொம்ப உஷார். கை பட்டாலே இதயத்த நிறுத்திருது. பேஸ்மேக்கர் வச்சிருவோம். இதயம் நிக்காது. ஆனா குழாய் விரியிறத அது தடுக்காது."

என்னைக் கேட்காமலே எனக்குள் இவ்வளவு நடக்கிறது.

ஆட்டோவில் சரசு கேட்டாள்: "கோயில்ல ஒங்க பெரியப்பா சாமி அழைக்கையில திருநீற எங்க வச்சு அழுத்துவாரு?"

தொட்டுக் காட்டினேன். அப்பாவுக்கும் அங்கேதான். ஒரு வருடம் திருநீறு வைத்ததும் அப்பா விழுந்தார், எழவில்லை. சாமி கூட்டிக்கொண்டது என்றார்கள். நானும் நம்பினேன்.

தை 27, திங்கள்

கருவி வைத்தாயிற்று. தையல் அரிப்பு. இடது கையைத் தூக்கக் கூடாது.

பெரியப்பா போன். "நெஞ்சுல பொட்டிய வச்சா சாமி வராமப் போயிருமாக்கும்?"

சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போவேன். அவர் அழுத்தட்டும், விழாமல் நின்று காட்டுகிறேன். அப்பாவைக் கொன்றது எது என்று ஊரே பார்க்கட்டும். சரசு போக வேண்டாம் என்கிறாள். கோபம் தீரவில்லை எனக்கு.

மாசி, சிவராத்திரிக்கு மறுநாள்

வெயில். பகல் பூசை. கோயில் பின்னால் வேப்பமரத்தடியில் படுத்தபடி எழுதுகிறேன்.

உறுமி மேளம் ஆரம்பித்ததும் போய் நின்றேன். பெரியப்பா திருநீற்றுத் தட்டை எடுத்தார். கட்டைவிரலில் வெள்ளை. கழுத்தை நானே நீட்டினேன். இரைச்சல்.

விழித்தபோது சரசு மடி. சுற்றிலும் கும்பிட்டபடி ஜனம். ஒருத்தி அழுகிறாள், "கேட்டதுக்குச் சொல்லிட்டாரு" என்கிறாள். என்ன சொன்னேன், தெரியாது. பெரியப்பாவைப் பார்த்துக் கத்தினேன்.

"எம்புட்டு அழுத்துனீங்க?"

அவர் கோயில் வாசல்படியிலேயே நின்றார். தட்டு கையிலேயே இருந்தது.

"நான் படிய விட்டே எறங்கலப்பா. கழுத்தத் தொடக் கூடாதுன்னு சரசு காலையிலயே சொல்லிருச்சு."

சரசுவைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினாள்.

தாடைக்கடியில் தடவிப் பார்த்தேன். திருநீறு இல்லை.