பார்த்தவர் சொன்ன முகம்

இன்று சின்னசேலம் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அத்தர் பூசியிருந்தார். சட்டென்று எழுந்து படிக்கட்டருகே போய் நின்றுகொண்டேன். இடம் இருக்கும்போது ஏன் நிற்கிறீர்கள் என்று நடத்துநர் கேட்டார். என்ன சொல்ல? உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டிய அன்று உங்கள் வீட்டு வாசல்வரை வந்த வாசனை அது.

நீயும் நானும் ஒரே கல்லூரியில் வரலாறு நடத்தினோம். இடைக்காலப் பயணிகளின் குறிப்புகளிலிருந்து முஸ்லிம்களின் கல்யாணம், சாவு, விருந்து வழக்கங்களைத் திரட்டி ஒரு நூல் எழுத உட்கார்ந்தோம். எழுதியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். துக்க வீட்டுக்குள் இருந்த பெண்களைப் பற்றி ஒரு பயணி எழுதிவைத்த நாலு வரியில்தான் பெரிய வம்பு. அந்த ஆள் உள்ளே போயிருக்கவே முடியாது, கேள்விப்பட்டதெல்லாம் சான்றாகாது, தூக்கிவிடலாம் என்றேன். உனக்கு வந்ததே கோபம்!

"இன்னா பேசுற நீ? உள்ள இருந்த பொம்பள யாரோ சொல்லித்தான அவரு எழுதிக்கினு போயிருப்பாரு? அவ பார்த்தது கணக்குல வராதா?"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தியாயம் பாதியில் நிற்கிறது. காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தவள், நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

உளுந்தூர்பேட்டைக்கு நான் ஓடிவந்தபோது உன்னை வெள்ளைக் கபன் துணியில் சுற்றி முடித்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டச் சொல்லி உன் தம்பியின் கையைப் பிடித்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க சார். எறந்துபோன பொம்பளையோட மொகத்த வெளி ஆம்பளைங்களுக்குக் காட்ட மாட்டாங்க" என்று சொல்லி அவனும் அழுதான்.

அந்த வழக்கத்தைப் பற்றி வகுப்பில் எத்தனை முறை பேசியிருப்பேன்! அன்று தெருவில் நின்று கெஞ்சினேன். அடக்கத்தின்போது குழியில் மண் போட மட்டும் என்னை முன்னால் விட்டார்கள். பாழாய்ப்போன கை, மண்ணை விடவே மாட்டேன் என்றது.

உங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது உன் அக்கா கதவோரம் வந்து நின்றார். "தூங்கிக்கினு இருக்கிற மாதிரிதான் சார் இருந்தா. ஒதட்டோரத்துல லேசா சிரிப்பு."

ஐயோ, இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்த உன் முகம் கண்ணை மூடினால் வரமாட்டேன் என்கிறது. அக்கா சொன்ன முகம்தான் வருகிறது. அதுவும் கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நேற்றும் அவருக்குப் போன் போட்டேன். சலித்துக்கொள்ளாமல் எடுத்தார்.

"அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.