கூன் விழுந்த கால்சட்டை

மார்ச் 3, செவ்வாய்

வேலைக்குப் போனேன். விண்கலத்துக்குள்ளே போடும் பனியன் துணியை உதறி, தூசி கொட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை. அங்கே தூசி கீழே விழாது. மிதந்து மூக்குக்குள் போகும். கொட்டவில்லை. என் மனைவி செத்த பிறகு, சொன்னபடி நடந்த ஒரே விஷயம்.

மார்ச் 4, புதன்

அவள் வெட்டிய கால்சட்டையை மேலாளர் ஹேங்கரில் மாட்டிப் பார்த்தார். சுருக்கம் கண்டால் ஆகாது அவருக்கு. நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி.

“என்னப்பா இது, கூன் விழுந்த மாதிரி தொங்குது? முட்டி வேற புடைச்சுக்கிட்டு. நேரா வெட்டிடுங்க.”

“அங்க யாரும் நிக்க மாட்டாங்க சார்.”

“போட்டோவுல நிப்பாங்கல்ல?”

எடை இல்லாத இடத்தில் உடம்பு தானாக மடங்கிக்கொள்ளும். முட்டி வளையும், இடுப்பு குனியும். அந்த உடம்புக்குத்தான் அவள் வெட்டினாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகூட. இவர் ஹேங்கருக்கு வெட்டச் சொல்கிறார்.

நேர் வெட்டுக்குச் சோதனைப் பொறியாளர் ஒப்புதல் வேண்டும். நான்தான் அது.

மார்ச் 6, வெள்ளி

அக்கா வந்தாள்.

“அவரோட மல்லுக்கட்டி என்னடா ஆகப்போகுது? அவதான் போயிட்டாளே.”

“அதனாலதான்க்கா. அவ இருந்தா அவளே சண்டை போட்டிருப்பா. எனக்கு வேலை மிச்சம்.”

அக்கா சிரிக்கவில்லை. நானும்தான்.

மார்ச் 10, செவ்வாய்

ஒப்புதல் கொடுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

கூட்டம். அடுத்து விண்வெளிக்குப் போகப்போகிற அம்மாவும் வந்திருந்தார். இஸ்திரி, மாதிரிக்குத் தைத்த நேர் வெட்டுக் கால்சட்டையைத் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றார். நன்றாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

“சார், இந்த மேசையில ஒருக்களிச்சுப் படுத்து முட்டிய மடக்குங்க. குழந்தை தூங்குற மாதிரி.”

“விளையாடுறியா?”

“படுங்க சார்,” என்றார் அந்த அம்மா. “நாங்க அங்க அப்படித்தானே இருக்கணும்.”

படுத்தார். முட்டியில் துணி விறைத்தது. பின்பக்கம் இடுப்பு வழுக்கி இறங்கி, ஒரு சாண் முதுகு தெரிந்தது. அவர் கை தன்னால் பின்னால் போய் இழுத்துவிட்டது. மறுபடி இறங்கியது. மறுபடி இழுத்தார்.

“அங்க இருக்கிற வரைக்கும் நான் இதையே பண்ணணுமா?” என்றார் அந்த அம்மா.

இஸ்திரி இறங்கி நின்றார். முகம் சிவந்திருந்தது. “பொண்டாட்டி வெட்டுனதுங்கறதுக்காக நீ…”

“ஆமா சார். அதுக்காகவும்தான். ஆனா முட்டி மடங்குறது எங்க குடும்ப விஷயம் இல்ல.”

மார்ச் 13, வெள்ளி

வேலை போகுமா? போகட்டும். போறதுக்கு இன்னும் என்ன இருக்கு எங்கிட்ட — இது ஒண்ணுதான். இத விட மாட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

விண்கலத்திலிருந்து வீடியோ அழைப்பு. எல்லோரும் திரைமுன் கூடினோம். அந்த அம்மா மிதந்தார். போட்டிருந்தது அவள் வெட்டியது. பேசி முடிக்கும்வரை அவர் கை இடுப்புப் பக்கம் போகவே இல்லை. நான் வேறெதையும் பார்க்கவில்லை.

அங்கே துவைக்க முடியாது. அழுக்கானதைக் குப்பையோடு கட்டி அனுப்பிவிடுவார்கள். பூமிக்கு வருகிற வழியிலேயே காற்றில் உரசி எரிந்துவிடும்.

இஸ்திரி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “அது திரும்பி வராதுப்பா. தெரியும்ல?”

“தெரியும் சார். அடுத்து போறவர் இவங்களவிட உயரம். துணி எப்ப வருது?”