நாற்றம் எங்கள் அப்பாவுடையது அல்ல

செப்டம்பர் 3, புதன்

பள்ளி அலுவலகத்திலிருந்து வந்ததும் கைப்பையை வைத்துவிட்டுப் பாத்ரூம் கழுவப் போனேன். பிளீச் ஊற்றித் தேய்த்தேன். செராய் என்கிற எலுமிச்சைப்புல் எண்ணெய் கலந்த தண்ணீரை ஊற்றினேன். கொஞ்ச நேரம் மணந்தது. சாப்பிட உட்காரும்போது மறுபடியும் அதே சாக்கடை நாற்றம்.

பக்கவாதத்தில் வலது கால் இழுத்துக்கொண்ட பிறகு அப்பாவைப் பத்தாங் பெர்ஜுந்தாயில் தனியாக விட மனம் வராமல், இந்தப் புக்கிட் செந்தோசா பிளாட்டுக்குக் கூட்டிவந்தேன். இரண்டு மாதம் ஆகிறது. நாற்றமும் அவர் வந்த நாளிலிருந்துதான். அவர் அறையை ஒட்டிய பாத்ரூமில்தான் அதிகம். எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அதுதானே உண்மை?

செப்டம்பர் 7, ஞாயிறு

அப்பா மாதா கோவில் பூசைக்கு வரவில்லை. கால் வலியாம். தோட்டத்து லோரி ஓட்டிய காலத்திலேயே ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் வாசல் தாண்டாத மனிதர். இன்றும் பவுடர் பூசி, சட்டை மாட்டி, தயாராகத்தான் நின்றார். எதிர்வீட்டு விஜயராணி அக்காவும் நம் காரில்தான் வருகிறார் என்று நான் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். கால் வலி அப்போதுதான் வந்தது. கோவிலில் பிரசங்கம் நடக்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது.

செப்டம்பர் 11, வியாழன்

பைப்பு வேலை பார்க்கும் முகுந்தனை வரவழைத்தேன். அப்பாவால் குந்த முடியாது என்பதால், அவர் வருவதற்கு முன்பு பழைய குந்தும் டாய்லெட்டை எடுத்துவிட்டு உட்காரும் டாய்லெட் போட்டுக் கொடுத்தவர் இவர்தான். தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் மூடியைத் திறந்து பார்த்தார், கம்பி விட்டுக் குத்தினார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அது தாழ்ந்த குரல்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வயசானவங்க இருக்கிற வீடு அப்படித்தான் லா. டயப்பர் போட்டுப் பாருங்க."

அப்பாவின் அறைக்கதவு திறந்துதான் இருந்தது.

அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்குமோ? கேட்டுச்சு. ராத்திரி சாப்பிட வரல.

செப்டம்பர் 12, வெள்ளி

பசியாற உட்கார்ந்தபோது அப்பாவே பேச்செடுத்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாத்தம் என் மேலதாம்மா. உடம்பு கெட்டுப்போச்சு, எனக்குத்தான் தெரியல. ரவாங் பக்கம் ஒரு ஹோம் இருக்காம். இயன்கிட்ட சொல்லி எனக்கு இடம் கேக்கச் சொல்லிட்டேன்."

இயன் என் தம்பி. அசாம் ஜாவாவில் இருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த முதியோர் இல்லத்தில் பேசியும்விட்டான். அடுத்த மாதம் ஒரு கட்டில் காலியாகுமாம், கூப்பிடுவார்களாம்.

நான் என்ன சொன்னேன்? அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பான்னு சொன்னேன். அழுத்திச் சொல்லல. ஏன் சொல்லல? எனக்கே சந்தேகம், அதான். பெத்த அப்பாவ. ச்சே.

செப்டம்பர் 13, சனி

மலேசியா தினத்தை ஒட்டிய லீவுக்கு இயன் வந்து அப்பாவைக் கூட்டிப்போனான். படுக்கை விரிப்பிலிருந்து திரைச்சீலை வரை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று அப்பாவின் அறைக்கதவைத் திறந்தேன்.

நாறுகிறது! ஆண்டவரே, ஸ்தோத்திரம் — நாறுகிறது! அப்பா இல்லை, அவர் துணி ஒன்றுகூட இல்லை, பாத்ரூமுக்குள் யாரும் போகவில்லை. ஆனாலும் குடலைப் பிடுங்குகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நின்று சிரித்தேன். பார்த்தவர்கள் எனக்கும் இயனிடம் சொல்லிக் கட்டில் பார்த்திருப்பார்கள்.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். அப்பா பக்கத்தில் போய் மோந்து பார் என்றேன். உனக்கு என்ன ஆச்சு என்று கேட்டான். போடா முதலில் என்று அதட்டினேன். போய்த் தலையணை சரிசெய்கிற சாக்கில் அப்பாவை ஒட்டி நின்றுவிட்டு வந்தான்.

"பவுடர் வாசந்தான்க்கா அடிக்குது. வேற ஒண்ணும் இல்ல."

போனை வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்து வந்த அழுகை.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாற்றம் அப்பாவுடையது இல்லை என்றால் யாருடையது? இன்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று இறங்கினேன்.

முதலில் தரை ஓட்டை. ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பிக் கட்டி அதன்மேல் அழுத்தி வைத்தேன். காற்றுகூட வெளியே வராது. கதவைச் சாத்திவிட்டு மதியம் திறந்தேன். நாற்றம் குறையவே இல்லை. சரி, ஓட்டை நிரபராதி.

அடுத்து டாய்லெட். மண்டிபோட்டு அடிப்பாகத்தில் மூக்கை வைத்தேன். குப்பென்று ஏறியது, தலை சுற்றிவிட்டது. சுற்றிலும் பூசிய வெள்ளைச் சிமெண்டில் மெல்லிய வெடிப்பு. கையால் தள்ளினேன் — ஆடுகிறது! அப்பா எழும்போது அதைப் பிடித்து ஊன்றித்தானே எழுவார்.

பிளாஸ்டிக் பைகளைக் கிழித்து அடிப்பாகத்தைச் சுற்றி, அகல டேப்பால் இறுக்கி ஒட்டினேன். டாய்லெட்டைக் கட்டிப்பிடித்தபடி தரையில் படுத்துக் கிடந்த கோலத்தை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்தேன். ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமே இல்லை. வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். அப்போதும் இல்லை!

செப்டம்பர் 18, வியாழன்

அப்பா நேற்றே வந்துவிட்டார். நான் கண்டதை அவரிடம் சொன்னபோது, என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்கிறாய் என்றார். அதனால் இன்று முகுந்தன் வந்ததும், அப்பாவைப் பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கண்ணால் பார்க்கட்டும்.

முகுந்தன் முதலில் பசப்பினார். மேலே கொஞ்சம் சிலிக்கான் பூசினால் போதுமாம். தூக்குங்கள் என்றேன். தூக்கினார். கழிவுக் குழாய்க்கும் டாய்லெட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லவே இல்லை. குழாயின் வாய்மேல் சும்மா உட்கார வைத்துச் சிமெண்டால் ஒட்டியிருக்கிறார். சிமெண்டு வெடித்ததும் சாக்கடைக் காற்று நேராக வீட்டுக்குள். அவசரத்தில் விட்டுப்போச்சு என்று என்னிடம் இழுத்தார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அப்பாகிட்ட சொல்லுங்க."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அப்பா முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, நாத்தம் உங்களால இல்லிங்க. நான் செஞ்ச வேலதான் சரியில்ல. மன்னிச்சிருங்க."

அப்பா கைத்தடியை ஊன்றி எழுந்துபோய் அந்தக் குழாயின் வாயை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு சாக்கடை ஓட்டையை இத்தனை ஆசையாகப் பார்த்த மனிதர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் தோட்டத்து மண்டோர் மாதிரி அங்கேயே நின்று வேலை வாங்கினார். வளையம் மாட்டி, அசையாமல் திருகாணி போட்டு முடிக்கும்வரை நகரவில்லை.

முகுந்தன் போன பிறகுதான் என்னிடம் சொன்னார்.

"ரெண்டு மாசமா என்னை நானே மோந்துக்கிட்டு இருந்தேம்மா."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போனோம். காரின் பின் சீட்டில் விஜயராணி அக்காவுக்கும் அவர் மகளுக்கும் நடுவில் இடித்துக்கொண்டு அப்பா. முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 4, சனி

செபமாலை மாதம். வீடு வீடாகக் கூடிச் செபிப்பதில் இன்று எங்கள் வீட்டு முறை. ஹால் கொள்ளாத கூட்டம். வந்தவர்களிடமெல்லாம், பாத்ரூம் போக வேண்டுமானால் தன் அறைப் பாத்ரூமுக்குப் போகும்படி அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். போக வேண்டாதவர்களும் போய்விட்டு வந்தார்கள், அவர் விடவில்லை.

தொடங்கப் போகும் நேரத்தில் போன். அந்த முதியோர் இல்லம். கட்டில் தயாராம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"பெர்னாட்தான் பேசுறேன். அந்த இடத்த வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. வச்சிடவா? வீடு நெறய ஆளுங்க இருக்காங்க, நான்தான் செபத்தத் தொடங்கணும்."

போனை என்னிடம் தந்துவிட்டு, கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்து சிலுவை அடையாளம் போட்டார்.