பருப்பு, போன், மீன்

ஒக்டோபர் 7, திங்கள்

ரமழானில் விடுபட்ட நோன்புகளில் ஒன்றை இன்று ஈடுசெய்து கழாப் பிடித்தேன். நோன்புக் கணக்கு எழுதும் கொப்பியில் இன்னும் நான்கு. பழையதுதான் முதலில் கழிய வேண்டும். என் ஒழுங்கு அது.

இணைய வகுப்பின் கடைசிக் கணக்கு வந்துவிட்டது. அடைப்புக்குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கின்றன. ஒழுங்காக மூடுகின்றனவா என்று கணினி சொல்லும்படி நிரல் எழுத வேண்டும். வெள்ளி வரை தவணை. சரிவந்தால் இரண்டாம் கட்டத்துக்கு எடுப்பார்கள். இல்லாவிட்டால் ஏழு மாதப் படிப்பு அத்தோடு சரி.

ஒக்டோபர் 8

பிழை.

ஒக்டோபர் 9, புதன்

கணவரின் தங்கை றுமானா சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்தா. பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் எடுப்பவ. "என்ன மதினி, கறிச்சட்டிக்கும் பாஸ்வேர்ட் போட்டுட்டிங்களா?" என்றா. நானும் சிரித்தேன். சிரித்திருக்கத் தேவையில்லை.

பதினொரு தடவை பிழை. முதலில் திறந்த குறியைத்தான் முதலில் மூடப் பார்க்கிறேன். முந்தி வந்ததை முந்தி முடிப்பதுதானே நியாயம்? ஓ/எல் சோதனையோட படிப்ப நிப்பாட்டினவளுக்கு இது தேவையா? யா அல்லாஹ், ஏன் இதுல கைய வெச்சன்.

ஒக்டோபர் 10, வியாழன்

அடுப்பில் பருப்பு. கிண்டிக்கொண்டிருக்க உம்மாவின் போன். கதைத்துக்கொண்டிருக்க வாசல் கேற்றில் மீன்கார முகம்மது தம்பி காக்கா. "உம்மா, கொஞ்சம் இரிங்க" என்று போய் மீனை வாங்கினேன். திரும்பிப் போனுக்கு வந்தேன். போன் முடிய அடுப்புக்கு.

அப்படியே நின்றுவிட்டேன்.

கடைசியாக வந்தவரை முதலில் அனுப்பினேன். முதலில் தொடங்கிய பருப்பு கடைசியில். உள்ளே திறந்ததை மூடாமல் வெளியே திறந்ததை எப்படி மூடுவது? பத்தொன்பது வருசமா நாள் முழுக்க இதத்தானே செய்யிறன்! நோன்புக் கொப்பியின் ஒழுங்கை இங்கே கொண்டுவந்து வைத்ததுதான் பிழை.

பருப்பு அடிப்பிடித்தது. பிடிக்கட்டும்.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு கணினி முன் உட்கார்ந்தேன். திறக்கிற குறிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மூடுகிற குறி வந்தால் மேலே இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். சோடி என்றால் எடுத்துவிடலாம். முடிவில் அடுக்கில் ஒன்றும் மிஞ்சக் கூடாது.

அப்படியே எழுதி ஓட்டினேன்; எல்லாச் சோதனையும் சரியென்று பச்சை. ஒருவரும் காட்டித் தரவில்லை. நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்தேன்.

ஒக்டோபர் 11

கணவருக்குக் காட்டினேன். "எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ஆனா நல்ல பச்சை" என்றார். இரண்டாம் கட்டத்துக்கு எடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

றுமானா மதினி மறுபடி வந்தா. பகிடியோ கேலியோ இல்லை. நாளை வகுப்பில் இதே பாடமாம். "புத்தகத்துல உள்ளபடி சொன்னா புள்ளயளுக்கு விளங்குதில்ல. நீங்க எப்படி மதினி புடிச்சிங்க?"

சொன்னேன். பருப்பு, போன், மீன். பேனை எடுத்து எழுதினா. பிறகு, "வகுப்புல சொல்லக்குள்ள மீன்காரருக்குப் பதிலா வேற ஆரயும் போடட்டா?" என்றா.

"வேணா. முகம்மது தம்பி காக்காவே வரட்டும்."

ஓம் என்று எழுதிக்கொண்டா.

நாளை நோன்பு. கொப்பியில் நான்கு. அங்கே பழையதுதான் முதலில்.